நாலரையா, அஞ்சரையா

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் தன் தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அப்பா, விச் ஒன்?" என்று கேட்டான். திரையில் இரண்டு காற்றுத் துவக்குகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்றின் கீழே 177 என்றும் மற்றதன் கீழே 22 என்றும் இருந்தது. அவன் வங்கியில் வேலை செய்கிறவன். பிறந்த நாளிலிருந்து ஒரு நுளம்பைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை.

"உது என்னத்துக்கு?" என்றேன்.

"பிரெண்ட்ஸோட முயல் ஹன்ரிங் போறன். கோர்ஸ் முடிச்சிட்டன். லைசென்ஸும் வந்திட்டுது. எது பெற்றர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கோர்ஸ் முடித்துவிட்டான். லைசென்ஸும் வந்துவிட்டதாம். பல் விளக்கினேன் என்று சொல்வது போலச் சொன்னான். பின்வளவில் தான் வைத்த கீரைப்பாத்தியை முயல்கள் மொட்டையடித்த கோபத்தில் இருந்த என் மனைவி, குசினிக்குள் இருந்தபடியே, "அப்பிடியே இஞ்சை வாறதுகளிலையும் ரெண்டைச் சுடு," என்றாள். கனடாவில், இந்தப் பிக்கரிங்கில் வீட்டு வளவுக்குள் சுட்டால் யார் யார் வந்து நிற்பார்கள் என்று அவளுக்கு விளங்கப்படுத்துகிற சாட்டில் நான் கேள்வியிலிருந்து நழுவினேன்.

சின்னக் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியோடு நான் ஒரு வருடம் முழுக்க ஒரு மேசையில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். கடைசியில் பிழையான விடையைத் தேர்ந்தெடுத்து ஒரு சிநேகிதனை இழந்தேன். "பிறகு சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு பேஸ்மென்ருக்கு இறங்கிப் போனேன்.

சூடாக்கி மெசினுக்குப் பின்னால், பழைய பெயின்ற் வாளிகளுக்கு நடுவே அது இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வட்டத் தகர டப்பா. மூடியைத் திருகியதும் எண்ணெயும் ஈயமும் கலந்த வாசம் வந்தது. உள்ளே உடுக்கு மாதிரி நடுவில் ஒடுங்கிய குட்டிக் குட்டி ஈயச் சன்னங்கள். ஐந்நூறு என்று மூடியில் எழுதியிருக்கிறது. முப்பது நாற்பதுதான் குறைந்திருக்கும். அதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று.

அந்த வாசத்துக்குப் பின்னால் உருகிய பிளாஸ்ரிக் வாசமும் வந்தது. அது டப்பாவிலிருந்து வரவில்லை, எனக்கு மட்டும் வந்தது. முப்பது வருடத்துக்கு முன் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் போத்தல் மூடி செய்துகொண்டிருந்தேன். நீங்கள் அந்த நாட்களில் இந்த நாட்டில் ஒரு ஷாம்பூப் போத்தலைத் திறந்திருந்தால், அந்த மூடி என் கை பட்டு வந்ததாக இருக்கலாம். சரியாக மூடவில்லை என்றால் அதற்கும் நான்தான் காரணமாக இருக்கும்.

மூடிகளை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை மகேந்திரனுடையது. மட்டக்களப்புக்காரன், என்னைவிட ஒரு வயது கூட. வெக்ஸ்போர்ட்டில் ஒரே கட்டடத்தில் அவன் நாலாம் மாடி, நான் ஆறாம் மாடி. ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவோம். வேனியர் என்று ஓர் அளவுகருவி உண்டல்லவா, இரண்டு தாடைகளுக்கு நடுவே சாமானை வைத்து மில்லிமீற்றர் பார்ப்பது, அது அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். மூடி மட்டுமல்ல, எதைக் கண்டாலும் அளப்பான். ஒருநாள் நான் கொண்டுபோன தோசையை அளந்துவிட்டு, "ஆறு மில்லிமீற்றர் மச்சான். இது தோசை இல்ல, றொட்டி," என்றான். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் கடையில் வாங்கிய பாண் துண்டுதான் கொண்டுபோனேன்.

அவனுடைய வலது தோளுக்குள் ஒரு சன்னம் இருந்தது. ஊரில் ஒரு சந்தியில் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டபோது, சுவரில் பட்டுத் தெறித்த துண்டு ஒன்று உள்ளே போய்த் தங்கிவிட்டது. எடுக்க அப்போது வசதியில்லை, பிறகு எடுக்கத் தோன்றவில்லை. கனடாவுக்கு வந்து மெடிக்கல் செய்தபோது எக்ஸ்ரேயில் அரிசியளவு வெள்ளையாகத் தெரிந்ததாம். இது என்ன என்று டொக்டர் கேட்க, இங்கிலிஷ் சொல் வராமல் "சன்னம்" என்றிருக்கிறான். டொக்டர் அது ஏதோ வெப்பநாட்டு நோயாக்கும் என்று நினைத்து, எப்படி எழுதுவது என்று கேட்டாராம். இந்தக் கதையை மகேந்திரன் சொன்னால் மேசையில் இருக்கும் எல்லாரும் தேத்தண்ணியைத் துப்பிவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்குத் துவக்கிலிருந்து வெளியே வருவது எதுவானாலும் சன்னம்தான். பீரங்கி பக்கம் கிடக்கட்டும், காற்றுத் துவக்கில் போடுகிற இந்தக் கடுகுக்கும் அதே பெயர். கடைக்காரன் அதை வேறு பெயரில் விற்றான். நாங்கள் வாங்கியது சன்னம்.

துவக்குக் கதையைத் தொடக்கி வைத்தவர் எங்கள் வேலைக்குப் பொறுப்பான போர்மன். போர்த்துக்கேயர். பிக்கரிங்குக்கு வடக்கே அவருக்குக் கொஞ்சம் காணி இருந்தது. சனி ஞாயிறில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், நடுவார், அவ்வளவையும் முயல் தின்னும். யாராவது வந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்று சாப்பாட்டறையில் சொல்லி, ஒரு வேட்டைச் சாமான் கடையின் படம்போட்ட கற்றலொக்கையும் மேசையில் போட்டுவிட்டுப் போனார். மகேந்திரன் கோழியைத் தவிர வேறு இறைச்சி கிடைக்காத ஏக்கத்தில் இருந்தவன். நான், உண்மையைச் சொன்னால், வந்து நான்கு வருடமாகியும் எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவரின் வீட்டுப் படி ஏறாத ஏக்கத்தில் இருந்தவன். போர்மன் கூப்பிட்டது எனக்குப் பெரிய விசயமாக இருந்தது.

அந்தக் கற்றலொக்கை நாங்கள் ஒரு வருடம் படித்தோம். பக்கங்களில் குழம்பு ஊறி, ஒட்டி, பிரிந்து, பிறகும் படித்தோம். முதல்நாளே நான் 177ஐக் காட்டி, "உது போதும், பெரிசு," என்றேன். மகேந்திரன் கற்றலொக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

"ஏன் பெரிசு?"

"நூற்றெழுபத்தேழு பெரிசோ, இருபத்திரண்டு பெரிசோ?"

"தசத்தைப் பாரு மச்சான்."

இரண்டு எண்களுக்கும் முன்னால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. நான் அதை அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன். அவன் பேனையால் பக்கத்திலேயே கணக்குச் செய்து காட்டினான். தசம் ஒன்று ஏழு ஏழு அங்குலம் என்றால் நாலரை மில்லிமீற்றர். தசம் இரண்டு இரண்டு என்றால் அஞ்சரை. அன்றிலிருந்து எங்களுக்குள் அவற்றுக்கு நாலரை, அஞ்சரை என்பதுதான் பெயர். பக்கத்து மேசைக்காரர் நாங்கள் ஏதோ நேரம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

நாலரை பாரம் குறைவு, வேகம் கூட, நேராகப் போகும். தூரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் குறி தப்பாது. அஞ்சரை பாரம், மெல்லமாக வளைந்து போகும், ஆனால் பட்டால் பட்டதுதான். நான் நாலரைக் கட்சி. குறி பார்க்கத் தெரியாதவன் நேராகப் போவதைத்தானே விரும்புவான். மகேந்திரன் அஞ்சரை. அவனுடைய நியாயம் ஒன்றுதான், ஒரு வருடமும் அதையே சொன்னான்.

"மச்சான், விழுந்தா அந்த இடத்திலயே விழணும். இல்லாட்டி சுடப்போடாது."

இதற்குள் இன்னொரு சிக்கல் இருந்தது. கற்றலொக்கில் ஒரே துவக்கு இரண்டு விதமாக வரும். அதே மரப்பிடி, அதே குழல், படத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மட்டும் வேறு. பலமானதற்கு லைசென்ஸ் வேண்டும். பலம் குறைத்தது நொடிக்கு நானூற்றுத் தொண்ணூற்றைந்து அடி வேகத்தோடு நின்றுவிடும், அதைச் சும்மா கடையில் வாங்கலாம். முயல் என்றால் பலமானதுதான், அதுவும் அஞ்சரைதான் என்று மகேந்திரன் முடிவாகச் சொன்னான். அதற்கு ஒரு கோர்ஸ், ஒரு சோதனை, ஒரு நீட்டுப் போர்ம். வேட்டைக்கு வேறாக ஒரு கோர்ஸ், ஓர் அட்டை. இரண்டு பேருக்கும் போர்ம் எடுத்து வந்து, தன்னுடையதை என் முன்னாலேயே நிரப்பினான். என்னுடையதை நான் லொக்கருக்குள் வைத்தேன்.

"எனக்கு அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. துவக்கு எண்டு எழுதிக் குடுத்தால் பைலைத் திருப்பிப் பார்ப்பாங்கள்," என்று அவனிடம் சொன்னேன். நம்பக்கூடிய காரணம். அந்நாளில் எங்கள் ஆட்கள் துவக்கு என்ற சொல்லைத் தொலைபேசியில்கூடச் சொல்லமாட்டார்கள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. காரணம் அது இல்லை. கார் ஓட்டுகிற எழுத்துச் சோதனையில் நான் இரண்டுதரம் கோட்டை விட்டிருந்தேன். மூன்றாம்தரம் தேறியது அவனுக்குத் தெரியும், முன்னைய இரண்டும் தெரியாது. பக்கத்து மேசையில் மகேந்திரன் இருக்க, இங்கிலிஷ் சோதனையில் நான் தவறி அவன் தேறி, திரும்பி வரும் பஸ்ஸில் அவன் எனக்கு ஆறுதல் சொல்லுவான். அதை நினைத்தாலே எனக்குக் காது சுடும். அந்த வெட்கத்துக்குத்தான் நான் கேஸ் என்று பெயர் வைத்தேன்.

இந்த நாலரை அஞ்சரைப் பேச்சு எப்படியும் அவன் தோளில் வந்து முடியும். "உன்ரை தோளுக்குள்ளை இருக்கிறது எத்தினை?" என்று கேட்பேன். அஞ்சரை என்பான் அவன். நான் நாலரை என்பேன். "எடுத்தா அளந்து காட்டுறன். அதுவரைக்கும் பொறு," என்று வேனியரைத் தட்டிக் காட்டுவான். எத்தனை நாள் இதே பகிடி. ஒருநாளும் அலுக்கவில்லை.

அவனுக்குக் கோர்ஸ் கிடைத்து, சோதனை முடிந்து, லைசென்ஸ் வருவதற்குக் காத்திருந்த நாட்களில் இலையுதிர்காலம் வந்துவிட்டது. கோவா முற்றிவிட்டது. போர்மன் என்னைக் காணும்போதெல்லாம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். ஒரு வியாழக்கிழமை நான் தனியாகப் போய், பலம் குறைந்ததை, நாலரையில் வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே இந்த டப்பா. சனிக்கிழமை காலை, அப்போதுதான் வாங்கியிருந்த பழைய காரின் பின்பெட்டியைத் திறந்து மகேந்திரனுக்குக் காட்டினேன். சந்தோசப்படுவான் என்று உண்மையாகவே நினைத்தேன்.

துவக்கைத் தூக்கிப் பார்த்தான். குழலில் எழுதியிருந்ததை வாசித்தான்.

"இது தகரப்பேணிக்குச் சரி. முயலுக்குச் சரிவராது."

"போய்ப் பேணியே சுடுவம். வா," என்றேன்.

போர்மனின் காணியில் வேலிக்கட்டையில் வெறும் சோடாப் பேணிகளை வைத்துச் சுட்டோம். குழலை முறிப்பது போலக் கீழே மடக்கி, ஒரு சன்னத்தை வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். அவன் பத்துக்கு எட்டு விழுத்தினான், நான் பத்துக்கு இரண்டு. போர்மன் வைன் கொண்டுவந்து தந்தார். வெயில் நன்றாக இருந்தது. அதோடு திரும்பியிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன்.

கோவாப் பாத்தியின் கடைசியில் ஒரு முயல் வந்து நின்றது. நாற்பது அடி தள்ளி இருக்கும். துவக்கு என் கையில். வேட்டைக்கான அந்த அட்டை என்னிடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"விடு மச்சான்," என்றான் மகேந்திரன், மெதுவாக.

நான் சுட்டேன். பேணியில் படாதது முயலில் பட்டது. அது ஒருதரம் மேலே எழும்பி விழுந்தது, பிறகு எழும்பிப் பின்காலை இழுத்துக்கொண்டு முட்பற்றைக்குள் ஓடியது.

மகேந்திரன் பற்றைக்குள் போனான். நானும் போனேன். வெயில் சாயும்வரை தேடினோம். நான் நின்றபடி கால்களால் விலக்கித் தேடினேன். அவன் முழங்காலில் இருந்து, கையால் ஒவ்வொரு முள்ளாகத் தூக்கிப் பார்த்தான். ஓர் இலையில் ஒரு சொட்டு இரத்தம் இருந்தது. முயல் இல்லை. போர்மன் வந்து, விடுங்கள், இரவில் நரி பார்த்துக்கொள்ளும் என்றார். அப்போதும் அவன் எழும்பவில்லை. நான் தோளைப் பிடித்துத்தான் எழுப்பினேன்.

காரில் வரும்போது கிங்ஸ்ரன் வீதி வரை அவன் கையில் தைத்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவன் சொன்னான், "சன்னம் உள்ளுக்குப் போன சாமான் உடன சாகாது. அதை வச்சுக்கொண்டு திரியும். அதுதான் கஸ்ரம்."

எனக்கு அந்தப் பேச்சுப் பொறுக்கவில்லை. சாப்பாட்டறையில் சிரிக்க வைக்கிற மாதிரி ஏதாவது சொல்லி, அவனைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் போல் இருந்தது.

"நீயும்தானே உள்ளுக்கை வச்சுக்கொண்டு திரியிறாய். உனக்கு என்ன வந்தது? அதுக்கும் ஒண்டும் வராது," என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முள் கீறின கைகளை மடியில் வைத்திருந்தான். கட்டடத்துக்கு முன்னால் இறங்கும்போது, "வாறன் மச்சான்," என்று வழமைபோலத்தான் சொன்னான். சண்டை பிடித்திருந்தால் மன்னிப்புக் கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமையும் அதே மேசையில் வந்து இருந்தான். ஆனால் பேப்பர் விரித்துப் படித்தான். கற்றலொக்கை யாரோ எடுத்துவிட்டார்கள். அவனுடைய லைசென்ஸ் வந்ததா என்று நான் கேட்கவில்லை. பனி விழத் தொடங்கும்போது மிசிசாகாவில் விமானநிலைய வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். துவக்கை நான் போர்மனிடம் கொடுத்தேன். டப்பா காருக்குள் உருண்டு கிடந்தது, பிறகு வீடு வீடாக என்னோடு வந்தது.

மிசிசாகா தூரமில்லை. சனம் சாப்பாட்டுக்கே போய் வருகிற தூரம். நான் போகவில்லை. அவன் வீடு வாங்கிய சேதி வந்தது. மகளின் அரங்கேற்றத்துக்குக் கார்ட் வந்தது, கையெழுத்து அவனுடையது. குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்து, நாள் வந்ததும் வேறு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு எப்போதும் சோதனை தவறியதில்லை. முதலில் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதற்குச் சரியான வசனம் வேண்டும், அது அமைந்ததும் போவோம் என்று இருந்தேன். அந்த வசனம் அமைய முப்பது வருடம் போதவில்லை.

இந்த வருடம் பனி கரைகிற நாட்களில் இணையத்தில் மரண அறிவித்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் எங்களுக்கு அதுதான் காலைப் பேப்பர். அவன் படம் இருந்தது. தலைமயிர் வெளுத்து, அதே பகிடிக் கண்கள்.

பார்வைக்கு வைத்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வரிசையில் நின்று, மகளிடம் கைகூப்பி, "நானும் அப்பாவும் முந்தி ஸ்காபரோவிலை ஒண்டா வேலை செய்தனாங்கள்," என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்சம் சரிந்து பார்த்தாள்.

"போத்தில் மூடி பக்ரறியோ? நீங்கள் நாலரை அங்கிளோ?"

தலையாட்டினேன்.

"அம்மா, நாலரை அங்கிள் வந்திருக்கிறார்," என்று தாய்க்குச் சொல்லிவிட்டு, என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனாள். "அப்பா உங்களைப் பற்றி ஓல்வேய்ஸ் சொல்லுவார். வீட்டிலை உங்கட உண்மையான பேர் ஒருத்தருக்கும் தெரியாது."

"கோவமா இருந்தவரோ, பிள்ளை?"

"கோவமோ? ஏன் அங்கிள்?" உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. "அவர் லைசென்ஸைக்கூட ஒவ்வொருமுறையும் றினியூ பண்ணிக்கொண்டுதான் இருந்தவர். துவக்கு ஒண்டும் வாங்கேல்லை. ஏன் எண்டு கேட்டால், அவனும் எடுக்கட்டும், ரெண்டு பேருமாப் போவம் எண்டு சொல்லுவார்."

பிறகு அவள் சொன்னது இது. ஆறு வருடத்துக்கு முன் அவனுக்குத் தோள் நோவு வந்தது. ஸ்கான் எடுக்கப் போனால், உள்ளே இரும்பு இருப்பவரை அந்த மெசினுக்குள் விடமாட்டோம் என்று சொல்லி, முதலில் சன்னத்தை வெட்டி எடுத்தார்கள். ஒரு குட்டிப் பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு அவனிடமே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவன், கட்டுப்போட்ட தோளோடு, மேசை லாச்சியைக் கிளறி அந்தப் பழைய வேனியரைத் தேடி எடுத்தானாம்.

"அளந்து பார்த்திட்டு ஒரே சிரிப்பு. ஃபோர் பொயின்ற் ஃபைவ். எக்சாக்ற்லி. 'வெண்டிட்டான், அவன் வெண்டிட்டான்' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். 'உடன கோல் பண்ணுங்கோவன்' எண்டன். 'போனில சொல்லப்போடாது, வருவான், கையில குடுத்து அளக்கச் சொல்லணும்' எண்டிட்டார். அந்தப் போத்தில் ஆறு வருசமா சாமித்தட்டிலை இருந்தது, அங்கிள்."

"இப்ப எங்கை, பிள்ளை?"

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். "அவரின்ரை சேட் பொக்கெற்றுக்கை வச்சிருக்கிறம். அவரின்ரை சாமான்தானே."

கிட்டப் போனேன். வெள்ளைச் சட்டை, நெஞ்சுப் பையில் சின்னதாக ஒரு மேடு. முந்தி வேனியர் இருந்த இடம். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள், ஆனாலும் குனிந்து, "அஞ்சரைதான் மச்சான் சரி," என்றேன். அந்த வசனம் அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது. காரில் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு மணிக்குப் பெட்டியை மூடினார்கள்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் ஆட்கள் தட்டுமுட்டுச் சாமான் பூட்டிவைக்கிற அறைகள் இருக்கின்றன. கற்றலொக் வந்த கடையில் கஞ்சா விற்கிறார்கள், சட்டப்படிதான். போர்மனின் கோவாப் பாத்தி எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரே நிறத்தில் நாற்பது வீடுகளாக எழும்பி நிற்கிறது. முட்பற்றை எங்கே இருந்தது என்று நடக்கப் போகும்போது பார்ப்பேன், பிடிபடாது. முயல்கள் மட்டும் இருக்கின்றன. அவை கீரை தின்ன வந்தால் நான் யன்னலைத் தட்டுவதில்லை. மனைவிக்கு அதுதான் என்மேல் கோபம்.

டப்பாவோடு மேலே வந்தபோது மகன் இன்னும் தொலைபேசியோடுதான் இருந்தான். உள்ளே எட்டிப் பார்த்து, "ஓ, பெலற்ஸ்," என்றான்.

"சன்னம்," என்றேன்.

"வட்?"

"ஒண்டுமில்லை. இருபத்திரண்டை எடு. பலமானதை எடு."

"ஏன் அப்பா? எல்லாரும் நூற்றெழுபத்தேழுதான் ஈசி எண்டு சொல்லுறாங்கள்."

"விழுந்தால் அந்த இடத்திலையே விழவேணும். இல்லாட்டிச் சுடக்கூடாது."

சரி என்று ஒரு விரலால் தட்டினான். அவ்வளவுதான், வாங்கியாயிற்று. நாங்கள் ஒரு வருடம் எடுத்த முடிவு. நான் டப்பாவிலிருந்து ஒரு சன்னத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அளக்க என்னிடம் வேனியர் இல்லை. நான் வென்றதை என் கையில் தந்து சொல்ல வேண்டியவன், ஆறு வருடம் என் வரவைப் பார்த்துவிட்டு, அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.